பனிப் புல்லில் முப்பத்தோரு அடி

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் அந்தப் படங்கள் வந்திருக்கும். ஜனவரி பிறந்தால் போதும், நுவரெலியாவில் பனி கொட்டியிருக்கிறது என்று யாராவது கைபேசியில் அனுப்பிவிடுகிறார்கள். வெள்ளை வெளேரென்ற புல்லில் கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகள் குதிக்கிறார்கள், பின்னால் ஒரு கார் நிற்கிறது. எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். எனக்கு மட்டும் வாயில் முதலில் வருவது, “அடேய், புல்ல விட்டு எறங்குங்கடா” என்பதுதான். என் மகன் சிரிப்பான். “அது யாரு வூட்டுப் புல்லோ, ஒனக்கு என்னாம்மா?” என்பான். மூன்று நாள் கழித்து அந்தப் புல் என்ன நிறத்தில் இருக்கும் என்று படம் எடுத்தவர்கள் யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டவுனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கோல்ப் மைதானம் இருந்தது. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்பா அங்கே புல் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மண்வெட்டி, புல் வெட்டும் மெஷின் எல்லாம் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. அங்கே எந்நேரமும் பெட்ரோலும் வெட்டிய புல்லும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். அம்மாவின் சேலையில் அடிக்கும், சோற்றில் கூட அடிக்கும். இப்போதும் எங்காவது யாராவது புல் வெட்டினால் எனக்குப் பசிக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள்.

நம் ஊரில் சீசன் என்றால் ஏப்ரல்தானே. கொழும்பே மலைக்கு ஏறி வந்துவிடும். அதற்குள் மைதானத்தைத் தயார் பண்ண ஜனவரியிலேயே வேலை தொடங்கிவிடும். பந்து விழும் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக, பாய் விரித்தது போல ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும். அதைக் கிரீன் என்பார்கள். பெண்கள் அதில் வரிசையாகக் குந்தி, பழைய மேசைக் கத்தியால் களை எடுப்பார்கள். தேயிலை மலையில் களை என்றால் கை நிறைய வரும். இங்கே நகத்தளவு களையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆற்று மணலைச் சலித்துப் புல்லின் மேல் தூவுவார்கள். விடியும்போது அப்பா ஒரு நீண்ட மூங்கில் கழியைப் புல்லின் மேல் வலமும் இடமுமாக வீசிக்கொண்டே நடப்பார், பனித்துளியெல்லாம் சிதறி விழும். தூரத்திலிருந்து பார்த்தால் மூடுபனிக்குள் ஒருவர் துடுப்புப் போடுவது போல இருக்கும்.

அப்பாவின் பொறுப்பில் இருந்தது ஒன்பதாவது குழி. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட செயலாளரை நாங்கள் துரை என்போம். வெள்ளைக்காரர் இல்லை, கொழும்புக்காரர்தான், தமிழை மட்டும் அளந்து அளந்து பேசுவார். இந்த சீசனுக்கு ஒன்பதாவது கிரீன் குறையில்லாமல் இருந்தால் அப்பாவின் பெயரை நிரந்தர வேலைக்குப் பதிவதாக அவர் சொல்லியிருந்தார். பதிந்தால் அந்த அறை எங்களுக்கு, டவுன் பள்ளிக்கூடம் எனக்கு. இல்லையென்றால் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும், அதன்பிறகு நானும் கொழுந்துக் கூடைதான். நான் அப்போது நான்காம் வகுப்பு. அம்மா இந்த விஷயத்தை ஒரு நாளைக்கு நாலு தரமாவது பேசுவாள். சோறு வடிக்கும்போது பேசுவாள், என் தலையில் பேன் பார்க்கும்போதும் பேசுவாள்.

கிரீனில் வேலை செய்பவர்கள் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். கோயில் வாசல் மாதிரி ஓரத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். “பனி கொட்டுற நேரத்துல அங்கிட்டு போகாத” என்று அப்பா சொன்னதும் தெரியும். ஆனால் எனக்குச் சளி பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை. அப்பாவுக்குச் சாயத்தண்ணி கொண்டு போ என்று அம்மா டீ கேனைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அப்பா ஒன்பதாவதில் இல்லை. வெயில் இன்னும் மலைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. கிரீன் முழுக்க வெள்ளை. அரிசி மாவைச் சலித்துக் கொட்டியது போல, ஒரு சுவடு இல்லாமல் கிடந்தது. சத்தமே இல்லை. டீ கேனைக் கீழே வைத்தேன். நீலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். மரியாதையோடுதான் ஏறினேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலடியில் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வந்தது. குளிர் முதலில் சுட்டது, பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வெள்ளையில் என் பாதம் ஒவ்வொன்றும் பச்சைப் பசேலென்று தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மெல்ல மெல்ல நடந்து, குழியைச் சுற்றி வந்து, குனிந்து உள்ளே பார்த்தேன். அடியில் ஒரு சின்ன ஐஸ் வட்டம், அதற்குள் ஒரு புல் இதழ். எடுத்து நாக்கில் வைத்தேன். இரும்பு மாதிரி இருந்தது.

“பாப்பா, அசையாத.”

அப்பா ஓரத்தில் மூங்கில் கழியோடு நின்றார். சத்தம் போடவில்லை. “அப்புடியே நில்லு. திரும்பி நடந்து வராத.”

“காலு கடுக்குதுப்பா.”

அவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி என் பக்கம் வீசினார். “அத விரிச்சி அதுமேல நில்லு. வெயிலு வரட்டும்.”

நான் அவர் சட்டையின் மேல் நின்றேன். அப்பா வெறும் பனியனோடு ஓரத்தில் குந்திக்கொண்டார். இருவருக்கும் நடுவே என் பாதங்கள் ஒரு கோடாகக் கிடந்தன. அப்போதுதான் சொன்னார்: வெள்ளைப் பனி பிடித்த புல்லை மிதித்தால் உள்ளுக்குள் நொறுங்கிப் போய்விடும், இன்றைக்கு ஒன்றும் தெரியாது, மூன்றாம் நாள் மிதித்த இடமெல்லாம் கருகி வெளியே தெரியும். கோபமே இல்லாமல், பாடம் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அப்ப பள்ளிக்கூடம்?” என்று கேட்டேன். அவர் விரலை நீட்டி என் அடிகளை எண்ணினார். முப்பத்தோரு அடி. வெயில் வந்து, பனி உருகி, புல் சாதாரணப் புல்லாக ஆன பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அம்மாட்ட சொல்லாத. நான் சரி பண்றேன்” என்றார்.

மூன்றாம் நாள் சொன்னபடியே வந்தன. பழுப்பாக, பிறகு கறுப்பாக. கொட்டகைக்குப் பின்னால் அப்பா ஒரு சின்னத் தவறணை வைத்திருந்தார். தேயிலைக்கு நாற்று மேடை இருக்குமே, அது போலப் புல்லுக்கு. சாணியும் இலைமக்கும் போட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார். அடுத்த நாலு காலையும் மூடுபனி. பெண்கள் பதினாறாவது பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு கருகலையும் கத்தியால் அறுத்து எடுப்பார், என் பாதத்தைத் தவறணைப் புல்லின் மேல் வைக்கச் சொல்வார், அதைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு வெட்டி, மண்ணோடு பெயர்த்து வந்து பொருத்துவார். பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தட்டுவார். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கம் வரவைக்கும். நாலாம் நாள் முடிந்தபோது அங்கே ஒன்றும் நடந்த மாதிரியே தெரியவில்லை.

பேசாமல் இருந்ததற்குப் பரிசாக எனக்கு ஒரு தொலைந்த பந்து கொடுத்தார். நம் காலத்துக் கோல்ப் பந்து உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தோலை உரித்தால் உள்ளே சுற்றிச் சுற்றி ரப்பர் நூல் இருக்கும். பலகணிக் கம்பியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே போனேன். கொட்டகையைச் சுற்றி வந்தும் நூல் தீரவில்லை. அம்மா துணி காயப்போட வந்து காலில் சிக்கி விழப் பார்த்தாள். “இது ஏதுடி?” என்றாள். கிடந்துச்சு என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான், ரொம்ப சுலபமாக வந்தது.

மார்ச் நடுவில் முதல் மழை பெய்தது. இரண்டு நாள் பெய்து ஓய்ந்தது. மறுநாள் காலை களை எடுக்கும் பெண்கள் ஒன்பதாவதுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக ஒரு பெரிய அம்மாள் இருந்தார், எல்லோரும் கங்காணியம்மா என்போம். கிரீனில் கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சாய்ந்த வெயிலில், வெளிர்ப் பச்சைத் தரையின் மேல், கரும்பச்சையில் சின்னச் சின்னப் பாதங்கள். ஓரத்தில் தொடங்கி, குழிவரை போய், குழியை ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே முடிந்துவிட்டன. திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை.

“யாத்தே! காலுடி! கொழந்தக் காலு!” என்று கங்காணியம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு விழுந்து கும்பிட்டார். “போயிருக்கா, திரும்பல பாரு. உள்ள எறங்கிட்டா.”

யார் என்று யாரும் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் அது அம்மன் பாதம் ஆகிவிட்டது. அப்பாவின் சாணிதான் வேலை பார்த்திருக்கிறது. தின்று வளர்ந்த தவறணைப் புல் மழை பட்டதும் மற்றப் புல்லைவிட இருண்டு எழும்பிவிட்டது. இது அப்பாவுக்கு மட்டும் தெரியும். எனக்கும் தெரியும்.

மதியத்துக்குள் குழிக்குள் செவ்வந்திப் பூ நிறைந்தது. மறுநாள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். சூடம் கொளுத்திய இடமெல்லாம் கிரீனில் கரும்புள்ளி விழுந்தது, ஒவ்வொரு புள்ளிக்கும் அப்பாவின் முகம் சுருங்கியது. களை எடுக்க ஒருத்தியும் இறங்கவில்லை. மெஷினையும் ஏற்ற விடவில்லை. சீசனுக்கு மூன்று வாரம்தான், புல் நாளுக்கு நாள் ஏறுகிறது. உண்மையைச் சொன்னால் அப்பா மறைத்தது வெளியே வரும். சொல்லாவிட்டால் புல் வெட்ட முடியாது. எப்படிப் பார்த்தாலும் பதிவு போய்விடும் என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. நான் நாலு நாளும் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவும் வந்தாள். தலை முழுகி, இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். என்னையும் இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினாள். “தாயே, அவருக்குப் பேரு பதிஞ்சிரணும், எம் புள்ள படிக்கணும்” என்று சத்தமாகவே வேண்டினாள். பிறகு என் பிடரியில் கையை வைத்து அழுத்தினாள். “கும்புடுடி. ஒனக்காகத்தான்.” என் சொந்தக் காலடியில் நெற்றி பட நான் விழுந்தேன். புல் ஈரமாக இருந்தது. அப்பா கொஞ்ச தூரத்தில் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நாலு நாளும் காலையில் வந்தாள். நாலு நாளும் நான் விழுந்தேன்.

ஐந்தாம் நாள் துரை வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். “இன்றைக்கு இந்தப் புல் வெட்டியிருக்க வேண்டும். இல்லை என்றால் நீ வேண்டாம்” என்று அப்பாவிடம் சொன்னார்.

“சாமி காரியம் தொரைங்க, மெஷினு ஏத்துனா யாருக்கும் ஆகாது” என்றார் கங்காணியம்மா.

அப்பா மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெண்கள் ஒதுங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது அம்மா.

“வேணாங்க. அதுமேல ஏத்தாதீங்க. நம்ம புள்ளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்.”

அப்பா மெஷினின் பிடியை விட்டார். அவர் குரல் எழும்பவே இல்லை. “ஏ புள்ள, தள்ளி நில்லு. அது சாமி காலு இல்ல. நம்ம பாப்பா காலுதான்.”

பனி கொட்டிய காலையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். துரைக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அம்மா என்னிடம் வந்தாள். குந்தி, காலுறையைக் கழற்றி, கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, முதல் பாதத்தின் மேல் வைத்தாள். அப்பா விரற்கடை விட்டு வெட்டியிருந்தாரே, அதற்குள் என் கால் அடக்கமாக உட்கார்ந்தது.

“அப்ப எம் முட்டி வலி எப்புடி போச்சு?” என்றார் கங்காணியம்மா. யாரோ சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா சிரிக்கவில்லை. என் காலை விட்டுவிட்டு எழுந்தாள். “நாலு நாளா நான் விழுந்து விழுந்து கும்புட்டேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நின்னீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

பெயர் பதியவில்லை. புல்லை மிதித்ததற்காக இல்லை, மறைத்ததற்காக என்று துரை சொன்னார். மாதக் கடைசியோடு அப்பா தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் விடிந்ததும் அம்மா முகம் கழுவிவிட்டுத் தனியாக ஆபீசுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சீசன் நெருங்கிவிட்டது, களைக்கு ஆள் போதவில்லை, துரைக்கும் அவசரம். திரும்பி வந்து, “நான் களைக்கி எறங்குறேன். அறை இருக்கும். இவ இங்கயே படிக்கட்டும்” என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பல வருஷம் அப்பா எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி.

இப்போது, அவர்களுடைய அன்றைய வயதை எல்லாம் நான் தாண்டிய பிறகு, ஒன்று உறைக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஏழு வருஷம் தேயிலைத் தவறணையில் வேலை செய்தவள். நாற்றையும் மண்ணையும் அவளைப்போல யாருக்குத் தெரியும்? அந்தப் பனிக் காலையிலேயே அப்பா அவளிடம் சொல்லியிருந்தால், “அந்தப் புல்லு வேணாங்க, சாணியில வளந்தது, காட்டிக் குடுத்துரும்” என்று ஒரே பேச்சில் சொல்லியிருப்பாள். அவளைப் பயப்படுத்த வேண்டாம் என்று இரண்டு பேரும் அவளை வெளியே நிறுத்தினோம். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டோம். எனக்கு அதில் இன்னமும் வெட்கம்தான்.

அம்மாவுக்குக் கொடுத்த முதல் வேலை ஒன்பதாவது கிரீன். முப்பத்தோரு துண்டையும் தோண்டி எடுத்துவிட்டு, வேறு கிரீனின் ஓரத்துப் புல்லை வைக்க வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மூடுபனி முட்டியளவுக்குத் தரையோடு கிடந்தது. அம்மா மற்றவர்களைப் போலவே ஓரத்தில் செருப்பை விட்டுவிட்டு, மேசைக் கத்தியோடு குந்தினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போ என்று சொல்லவில்லை. முதல் துண்டை எடுத்தாள், அடி மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தாள். “இம்புட்டு சாணியா போடுவாங்க?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஏழோ எட்டோ எடுத்த பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு துண்டிலும் கத்தியை இறக்கும் முன், விரல் நுனியால் அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

“அதான் எங்காலுன்னு தெரிஞ்சிருச்சே. அப்பறம் ஏம்மா கும்புடுற?” என்று கேட்டேன்.

“கத்தி வக்கிறேன்ல” என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். “ஒங்காலு.”

சொல்லிவிட்டு அடுத்த பாதத்துக்கு நகர்ந்து குந்தினாள்.